வெண்பொருள் சேதத்துக்கு வளர்ச்சிக் காரணி ஊசி: உண்மையில் அப்படி ஒன்று இருக்கிறதா?

#1 வைகறை

அனைவருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 64. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பல வருடங்களாக உண்டு. போன மாதம் காலையில் கண்விழித்தபோதே வலது கையும் காலும் விழுந்துவிட்டிருந்தன. பக்கவாதம் என்றார்கள். இரவில் எத்தனை மணிக்கு வந்தது என்று யாருக்கும் தெரியாததால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மூளையின் ஆழத்தில் இடப்பக்க இன்டர்னல் கேப்சூலின் பின்பகுதியில் சிறிய இன்ஃபார்க்ட் (ரத்தம் எட்டாமல் செத்த பகுதி), கூடவே பழைய வெண்பொருள் மாற்றங்கள் என்பது எம்.ஆர்.ஐ அறிக்கை. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். தோளை ஓரளவு தூக்குகிறார். விரல்களை மடக்க வருகிறது, நீட்டத்தான் வரவில்லை. பேச்சு கொஞ்சம் குழறுகிறது.

கனடாவிலிருந்து சித்தப்பா மகன் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறான். ஸ்பெயினில் எலிகளுக்கு பி.டி.என்.எஃப் என்ற வளர்ச்சிக் காரணியைச் செலுத்தியதில் மூளையின் வெண்பொருள் சீரடைந்ததாம். அதே வாரத்தில் அப்பாவைச் சேர்த்திருந்த தனியார் மருத்துவமனையில் ‘நரம்பு வளர்ச்சி ஊசி’ என்று ஒரு கோர்ஸ் எழுதிக் கொடுத்தார்கள். பன்றி மூளையிலிருந்து தயாரிப்பது என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். இரண்டும் ஒன்றுதானா? வளையலை அடகு வைத்தாவது போட்டுவிடலாம் என்று அம்மா நிற்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 நரம்பிழை

நான் மருத்துவர் அல்லன். மையலின் பற்றி ஆராயும் முனைவர் பட்ட மாணவன். சிகிச்சை முடிவுக்கு என் பேச்சை எடுத்துக்கொள்ளாதீர்கள். அறிவியலை மட்டும் சொல்கிறேன்.

இரண்டும் ஒன்றல்ல. பி.டி.என்.எஃப்-ஐ 1982-இல் ஈவ் அலான் பார்டும் ஹான்ஸ் தோனனும் முதன்முதலில் பிரித்தெடுத்ததும் பன்றி மூளையிலிருந்துதான். குழப்பத்துக்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அது செல்களை வளரவும் முதிரவும் தூண்டும் ஒற்றைப் புரதம்; இன்னது என்று அடையாளம் தெரிந்தது. கடையில் கிடைக்கும் ஊசியோ பன்றி மூளைப் புரதத்தை நொதி கொண்டு உடைத்து எடுத்த பெப்டைடுகளின் கலவை. அதைப் பற்றி மருத்துவர்கள் யாராவது எழுதட்டும்.

பக்கவாதம் என்றால் நரம்பு செல்கள் சாவது என்றுதான் பலரும் நினைக்கிறோம். மனித மூளையில் ஏறக்குறையப் பாதி வெண்பொருள். செல்களிலிருந்து புறப்படும் நீண்ட ஆக்சான் இழைகள் கற்றை கற்றையாக ஓடும் பகுதி அது. உங்கள் அப்பாவுக்கு அடிவிழுந்த இடத்தில், கைக்கும் காலுக்கும் முகத்துக்கும் கட்டளை கொண்டுபோகும் இழைகள் மிகக் குறுகிய வழியில் நெருக்கியடித்துக்கொண்டு இறங்குகின்றன. அதனால்தான் ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லாத சேதம் உடம்பின் ஒரு பக்கத்தையே முடக்கிவிடுகிறது. அங்கே ரத்தம் கொண்டுவரும் நாளங்கள் நீளமானவை, மிக மெல்லியவை. ஒன்று அடைத்தால் பக்கத்து நாளம் கைகொடுப்பதில்லை. ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் இந்த நாளங்களைத்தான் வருடக்கணக்கில் அரிக்கின்றன. அறிக்கையில் உள்ள ‘பழைய வெண்பொருள் மாற்றங்கள்’ அந்த அரிப்பின் தடயம். அடைப்பால் வரும் பக்கவாதங்களில் ஏறத்தாழ நாலில் ஒன்று இந்த வகை.

இழைகளைச் சுற்றியிருக்கும் கொழுப்புச் செறிந்த உறைதான் மையலின். ஒலிகோடென்ட்ரோசைட் என்ற செல் அதைச் சுற்றுகிறது. ஒரே செல் பல கிளைகளை நீட்டி 40, 50 இழைத்துண்டுகளுக்குக்கூட உறை போடும். அது செத்தால் அத்தனை துண்டுகளும் உறை இழக்கும். ரத்த ஓட்டம் நின்றதும் அளவுக்கு மீறிச் சேரும் குளூட்டமேட் என்ற நரம்புச் சமிக்ஞைப் பொருளை இந்தச் செல்களால் தாங்க முடிவதில்லை.

முதியவர் மூளையிலும் இவற்றின் முன்னோடிச் செல்கள் இருக்கின்றன. மொத்தச் செல்களில் ஏறத்தாழ 5 சதவீதம். அடிபட்டதும் அவை பெருகிச் சேதத்தின் ஓரத்துக்கு வந்துவிடுகின்றன. ஆனால் பெரும்பாலானவை முதிராமல் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. சில, தழும்பு உண்டாக்கும் ஆஸ்ட்ரோசைட்டுகளாகத் தடம் மாறிப் போகின்றன. கலிஃபோர்னியாவில் தாமஸ் கார்மைக்கேலின் குழு சுண்டெலிகளில் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறது. ஆக, செல்களுக்குப் பஞ்சமில்லை. வந்த செல்களை முதிரவைப்பதுதான் பிரச்சினை. வளர்ச்சிக் காரணிகள் மீது ஆராய்ச்சியாளர்களுக்கு ஆசை வருவது இந்த இடத்தில்தான்.

உங்கள் தம்பி அனுப்பியது மத்ரித் குழுவின் ஆய்வாக இருக்க வேண்டும். 2015-இல் ‘ஸ்ட்ரோக்’ இதழில் வந்தது. ரத்தநாளத்தைச் சுருக்கும் எண்டோதீலினை எலி மூளையின் ஆழத்தில் செலுத்தி, வெண்பொருளையும் பாதிக்கும் பக்கவாதத்தை உண்டாக்கினார்கள். பிறகு பி.டி.என்.எஃப்-ஐ ரத்தத்தில் கொடுத்தார்கள். பெற்ற எலிகளில் முதிர்ந்த ஒலிகோடென்ட்ரோசைட்டுகளும் மையலினும் கூடுதலாக இருந்தன, எம்.ஆர்.ஐ-இல் இழை இணைப்பும் மேம்பட்டது. உடல் இயக்கமும் தேறியது. நல்ல ஆய்வு. எலி ஆய்வு.

#3 கணக்கன்

கடைசி இரண்டு சொற்களைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கலாம்.

மருத்துவப் பரிசோதனைகளின் தரவைப் பார்ப்பது என் தொழில். பக்கவாதத்துக்கு வளர்ச்சிக் காரணிகளை மனிதர்களில் சோதிக்காமல் யாரும் சும்மா இருக்கவில்லை. சோதித்தார்கள், தோற்றார்கள், சில இடங்களில் நோயாளிகள் கூடுதலாக இறந்தார்கள். இந்தப் பகுதி மட்டும் குடும்பக் குழுவில் சுற்றும் செய்திகளில் வருவதே இல்லை.

ட்ராஃபெர்மின் என்ற பெயரில் எஃப்.ஜி.எஃப்-2. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 286 பேர், அடைப்பு வந்த 6 மணி நேரத்துக்குள், 24 மணி நேரச் சொட்டு மருந்தாக. 5 மில்லிகிராம் பெற்றவர்கள் சற்றுத் தேறியதுபோல் தெரிந்தது. 10 மில்லிகிராம் பெற்றவர்கள் நிலை எதிர்த்திசையில் போனது. ரத்த அழுத்தம் இறங்கியது. பாதியில் நிறுத்தினார்கள். அதற்கு முன்பே வட அமெரிக்காவில் நடந்த சோதனை, மருந்து பெற்ற பிரிவில் இறப்பு அதிகம் என்று நின்றுபோயிருந்தது.

எரித்ரோபொய்டின். சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் ஊற போடுகிறார்களே, அதே ஊசி. ஜெர்மனியில் 2002-இல் ஒரு சிறிய சோதனை பிரமாதமாக வந்தது. 2009-இல் 522 பேரை வைத்துப் பெரிதாகச் செய்தார்கள். பலன் இல்லை. மருந்து பெற்றவர்களில் இறப்பு 16.4 சதவீதம், போலி மருந்துப் பிரிவில் 9 சதவீதம். கட்டி கரைக்கும் மருந்தும் சேர்த்துப் பெற்றவர்கள் பலர் அதில் இருந்ததால், இரண்டும் ஒத்துப்போகவில்லையோ என்ற சந்தேகம் எழுந்தது.

ஜி-சி.எஸ்.எஃப், வெள்ளணுக்களைப் பெருக்கும் காரணி. 2013-இல் வெளியான சோதனை, 328 பேர். பலன் பூஜ்யம்.

எச்.சி.ஜி ஹார்மோனையும் எரித்ரோபொய்டினையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுக்கும் திட்டம் கனடாவில் தொடங்கியது. ஜெர்மானிய முடிவைக் கண்டு தடை விழுந்தது. டோஸைக் குறைத்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். மொத்தம் 96 பேர். அதிலும் ஒன்றும் தெரியவில்லை.

பி.டி.என்.எஃப்-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் அழியும் ஏ.எல்.எஸ் என்ற நோய்க்கு 1,135 பேரிடம் தோலடி ஊசியாகச் சோதித்து 1999-இல் கைவிரித்தார்கள். அடகுக்கடைக்குப் போகும் முன் அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

#4 மாடித்தோட்டம்

வைகறை, அப்பா நல்லபடியாகத் தேறட்டும். கணக்கன் அவர்களே, நீங்கள் சொல்வது அத்தனையும் சரியாகவே இருக்கலாம். வீட்டில் ஒருவர் படுத்திருக்கும்போது கேட்பவரிடம் கொஞ்சம் பதமாகச் சொல்லலாமே.

நான் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை. ஒரு கேள்வி. விதை போட்ட அன்றே யூரியாவைக் கொட்டினால் முளை கருகிவிடும். அதே யூரியா மூன்றாவது வாரம் பயிரைத் தூக்கி நிறுத்தும். இவர்கள் எல்லாம் முதல் சில மணி நேரத்திலேயே ஏன் கொடுத்தார்கள்? பழுது பார்க்கும் மருந்து என்றால் பழுது பார்க்கும் காலத்தில் அல்லவா கொடுக்க வேண்டும்?

#5 நரம்பிழை

> பழுது பார்க்கும் காலத்தில் அல்லவா கொடுக்க வேண்டும்?

அம்மா, இந்தத் துறையின் மிகப் பெரிய கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். அந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை சாகும் செல்களைக் காப்பாற்றுவதைக் குறிவைத்தவை. அதனால்தான் 6 மணி, 9 மணி என்று ஓடினார்கள். வெண்பொருளைத் திரும்பக் கட்டுவது வாரக்கணக்கில் நடக்கும் வேலை. அதை மனதில் வைத்து வடிவமைத்த சோதனைகள் மிகக் குறைவு. கணக்கன் தந்த பட்டியல் உண்மை. ஆனால் அது வெண்பொருள் சீரமைப்புக்கு எதிரான தீர்ப்பு அல்ல.

நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வி.இ.ஜி.எஃப் நல்ல எடுத்துக்காட்டு. புது ரத்தநாளங்களை முளைக்க வைக்கும் காரணி அது. டெட்ராய்டில் எலிகளுக்கு அடைப்பு வந்த 1 மணி நேரத்தில் கொடுத்தபோது, ரத்தத்தில் உள்ளவை மூளைக்குள் புகாமல் காக்கும் ரத்த-மூளைத் தடுப்பு கசிந்தது, மூளைக்குள் ரத்தக்கசிவு கூடியது. 48 மணி நேரம் கழித்துக் கொடுத்தபோது புது நாளங்கள் வந்தன, எலிகள் நன்றாகத் தேறின. 2000-இல் வெளியான ஆய்வு. பொருள் ஒன்றுதான், நாள்தான் வேறு.

அடுத்தது, மருந்து போய்ச் சேர வேண்டும். பி.டி.என்.எஃப் பெரிய புரதம். ரத்தத்தில் செலுத்தினால் நிமிடங்களில் கரைந்துபோகிறது; ரத்த-மூளைத் தடுப்பு எளிதில் உள்ளே விடுவதில்லை. பக்கவாதத்தில் அந்தத் தடுப்பு சில காலம் பழுதாகியிருப்பதால் எலிகளில் கொஞ்சம் உள்ளே போயிருக்கலாம். அப்பாவுக்கு ஒரு மாதம் ஆகிவிட்டது. மூக்கு வழியாகக் கொடுப்பது ஒரு மாற்று முயற்சி: குறைப்பிரசவக் குழந்தைகளின் மூளைச் சேதத்தை ஒத்த நிலையில் இருந்த சுண்டெலிக் குட்டிகளுக்கு இ.ஜி.எஃப் என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணியை மூக்கில் விட்டு வெண்பொருள் மீள்வதை வாஷிங்டன் குழு ஒன்று 2014-இல் ‘நேச்சர்’ இதழில் காட்டியது. குட்டிகளின் மூளை வேறு, 64 வயது மூளை வேறு.

எலி மூளையில் வெண்பொருள் 10 முதல் 15 சதவீதம்தான், நம் மூளையிலோ ஏறக்குறையப் பாதி. போதாக்குறைக்குப் பெரும்பாலான ஆய்வகங்கள் பயன்படுத்துவது இளம் ஆண் எலிகளை. சர்க்கரை இல்லை, கொதிப்பு இல்லை, புகைத்ததில்லை. அப்படிப்பட்ட நோயாளி எந்த வார்டில் படுத்திருக்கிறார்?

இன்னொன்று, காரணியை வெளியிலிருந்து ஊற்றுவதால் மட்டும் காரியம் ஆகாது. நல்ல நிலையில் உள்ள ரத்தநாளச் சுவர்ச் செல்களே பி.டி.என்.எஃப்-ஐயும் எஃப்.ஜி.எஃப்-2-ஐயும் சுரந்து பக்கத்தில் உள்ள முன்னோடிச் செல்களை வாழவைக்கின்றன என்று பாஸ்டனில் கென் அராயும் எங் லோவும் 2009-இல் காட்டினார்கள். நாளம் நோயுற்றால் இந்தச் சுரப்பும் கெடுகிறது. என்னைக் கேட்டால், அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரையையும் வெண்பொருள் மருந்து என்றே சொல்வேன். கேட்பதற்குச் சுவாரசியமில்லாத பதில்தான்.

#6 அரசு_மருத்துவர்

மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பொது மருத்துவம் பார்க்கிறேன். இந்தக் கேள்வியை வாரம் தவறாமல் கேட்கிறார்கள்.

பன்றி மூளையிலிருந்து வரும் பெப்டைடு ஊசி என்றால் பெரும்பாலும் செரிப்ரோலைசின் வகை. வளர்ச்சிக் காரணிபோலச் செயல்படுகிறது என்பதுதான் அதற்கான வாதம். ஆசியாவில் 1,070 பேரிடம் நடந்த பெரிய சோதனை 2012-இல் வெளியானது; போலி மருந்தைவிட மேல் என்று காட்ட முடியவில்லை. 2016-இல் 208 பேரிடம் நடந்த சோதனையில், அடைப்பு வந்த 24 முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 21 நாள், மறுவாழ்வுப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தபோது கை இயக்கம் கூடுதலாகத் தேறியது. விற்பனைப் பிரதிநிதி என் மேசையில் வைத்துவிட்டுப் போகும் தாளில் இரண்டாவது சோதனை மட்டும் இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, இறப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை, உயிருக்கு ஆபத்தில்லாத கடுமையான பக்கவிளைவுகள் கூடக்கூடும் என்கிறது. அமெரிக்காவில் இதற்கு அனுமதி இல்லை. இங்கே விற்பனையில் இருக்கிறது.

வைகறை, இந்த ஊசிக்குச் சாதகமாக நான் சொன்ன அந்தச் சோதனையும் முதல் மூன்று நாள்களுக்குள் தொடங்கியது. ஒரு மாதம் கழித்துத் தொடங்க அதிலிருந்து ஆதாரம் எடுக்க முடியாது. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சண்டை போட வேண்டாம். “ஐயா, இவ்வளவு நாள் கழித்துத் தொடங்கினாலும் பலன் உண்டா? எந்தச் சோதனையை வைத்துச் சொல்கிறீர்கள்? இதைப் போடாவிட்டால் அப்பாவுக்கு எது கெடும்?” என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலிலேயே தெரிந்துவிடும்.

சீட்டில் சிட்டிகோலின் என்ற நரம்பு மருந்து இருந்தால் அதற்கும் இதே கதைதான். 2,298 பேரிடம் சோதித்து 2012-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டார்கள், பலன் இல்லை. ஆனால் ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரெல், கொழுப்புக்கான ஸ்டாட்டின், அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் இவற்றில் ஒன்றைக்கூட நீங்களாக நிறுத்தாதீர்கள். விலை உயர்ந்த ஊசிக்காக இந்த மலிவான மாத்திரைகளைக் கைவிட்டுவிட்டு இரண்டாவது தாக்குதலோடு திரும்பி வருபவர்களைப் பார்க்கிறேன்.

#7 பொன்னியின்_கரை

எல்லோரும் ஆராய்ச்சி பேசுகிறீர்கள். என் மாமனாருக்கு இந்த ஊசியைத்தான் போட்டோம். படுத்த படுக்கையாக இருந்தவர் இரண்டே மாதத்தில் கோவிலுக்கு நடந்து போனார். கண்ணால் பார்த்ததை எந்த லான்செட் வந்து மறுக்கும்?

#8 கணக்கன்

அவர் நடந்தது மகிழ்ச்சி. மறுக்கவில்லை. ஆனால் ஊசி போடாதவர்களில் எத்தனை பேர் அதே இரண்டு மாதத்தில் நடந்தார்கள் என்பதை உங்கள் கண் பார்க்கவில்லையே? பக்கவாதத்தில் தானாகத் தேறும் வேகம் முதல் மூன்று மாதத்தில்தான் அதிகம். அந்தச் சமயத்தில் எதைக் கொடுத்தாலும் அது பெயர் வாங்கிக்கொள்ளும். போலி மருந்துப் பிரிவில் தேறியவர்களின் மருமகள்களும் இதையேதான் எழுதுவார்கள்.

ஃப்ளுவாக்செடினை நினைத்துப் பாருங்கள். மனச்சோர்வு மாத்திரை. பிரான்சில் 118 பேரிடம் சோதித்து, கை கால் நன்றாகத் தேறியது என்று 2011-இல் சொன்னார்கள். உலகம் முழுக்க மருத்துவர்கள் சீட்டில் எழுதித் தள்ளினார்கள். பிறகு பிரிட்டனில் 3,127 பேர், சுவீடனில் 1,500 பேர், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, வியட்நாமில் 1,280 பேர் என்று மூன்று பெரிய சோதனைகள் வந்தன. இயக்கம் மேம்படவில்லை; எலும்பு முறிவு கூடியது.

#9 பொன்னியின்_கரை

எலும்பு முறிவு விஷயம் தெரியாது. படிக்கிறேன். ஆனாலும் எங்கள் வீட்டில் எல்லோரும் அந்த ஊசியால்தான் என்று நம்புகிறோம். அதை விட்டுவிடுங்கள்.

#10 இயன்முறை_செல்வி

பிசியோதெரபிஸ்ட். பக்கவாத நோயாளிகளோடுதான் என் பகல் பொழுது முழுவதும். மேலே நரம்பிழை எழுதியதில் எனக்கு வேண்டிய துண்டு ஒன்று இருக்கிறது: மூளை தானே இந்தக் காரணிகளைச் சுரக்கிறது. எதைச் செய்தால் சுரக்கும் என்பதும் ஓரளவு தெரிந்ததுதான்.

எலிகளுக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு கைப்பயிற்சி கொடுத்தால் தேறும். பி.டி.என்.எஃப் உண்டாவதைத் தடுத்துவிட்டு அதே பயிற்சியைக் கொடுத்தால் தேறுவதில்லை. கனடாவில் 2009-இல் செய்த ஆய்வு. லண்டனில் 2014-இல் செய்தது இன்னும் சுவையானது. சுழல் சக்கரத்தின் படிக்கம்பிகளில் சிலவற்றை ஒழுங்கில்லாமல் எடுத்துவிட்டுச் சுண்டெலிகளை ஓட விட்டார்கள். சாதாரண எலி தடுமாறித் தடுமாறிக் கற்றுக்கொண்டது. புது மையலின் உண்டாகாதபடி மரபணுவை மாற்றிய எலியால் சரியாகக் கற்க முடியவில்லை. புதிதாக ஒரு அசைவைக் கற்பதற்கே புது மையலின் தேவைப்படுகிறது.

எப்போது பயிற்சி என்பதும் கணக்கில் உண்டு. முதல் 24 மணி நேரத்திலேயே அதிகமாக எழுப்பி நடக்கவைத்தால் நல்லதில்லை என்று 2,104 பேரை வைத்து 2015-இல் நிரூபித்துவிட்டார்கள். வாஷிங்டனில் 72 பேருக்கு வழக்கமான சிகிச்சைக்கு மேல் 20 மணி நேரம் கூடுதல் கைப்பயிற்சியை வெவ்வேறு கட்டங்களில் கொடுத்துப் பார்த்து 2021-இல் வெளியிட்டார்கள். பக்கவாதம் வந்து 60 முதல் 90 நாள்களுக்குள் தொடங்கியவர்களுக்கே பலன் மிக அதிகம். ஆறு மாதம் கழித்துப் பெற்றவர்களுக்குக் குறிப்பிடும்படி இல்லை. வைகறை, உங்கள் அப்பா இப்போது அந்தக் காலத்தை நெருங்குகிறார். ஊசி வாங்கலாமா என்ற யோசனையில் இந்த வாரங்கள் போய்விடக் கூடாது.

தோள் தூக்குகிறார், விரல் மடங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தோள் தூக்குவது நல்ல அறிகுறி. நாங்கள் முதல் சில நாள்களில் தேடிப் பார்ப்பதே இரண்டைத்தான்: தோளைப் பக்கவாட்டில் தூக்க முடிகிறதா, விரலை நீட்ட முடிகிறதா. நீட்டுவதில் துளி அசைவு இருந்தாலும் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பந்தைக் கையில் கொடுத்து அமுக்கச் சொல்லாதீர்கள். எல்லா வீட்டிலும் அந்த மஞ்சள் பந்து இருக்கிறது. மடக்கும் தசை ஏற்கெனவே இறுகப் பார்க்கும், அதற்கே மேலும் தீனி போடுகிறீர்கள். அதற்குப் பதிலாக, மேசையில் முழங்கையை ஊன்றி, காலி எவர்சில்வர் தம்ளரைப் பிடித்து, நகர்த்தி, விடச் சொல்லுங்கள். விடுவதுதான் பயிற்சி. தம்ளரின் அடியில் ஈரத்துணி விரித்தால் வழுக்காது. வந்ததும் கால் தம்ளர் தண்ணீர். பிறகு சட்டைப் பொத்தான், பேனா மூடி. அவர் என்ன வேலை பார்த்தார்?

#11 வைகறை

தையற்கடை வைத்திருந்தார்.

#12 இயன்முறை_செல்வி

அப்படியானால் இன்னும் நல்லது. பழைய துணியும் சாக்கட்டியும் கொடுத்து நேர்கோடு போடச் சொல்லுங்கள். கோடு கோணலாக வரட்டும். கத்தரிக்கோலும் ஊசியும் இப்போது வேண்டாம். அந்தக் கையில் உணர்ச்சி முழுதாக இருக்கிறதா என்று யாராவது சோதித்த பிறகுதான். இடது கையால் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளும் பழக்கம் ஒட்டிக்கொள்ள விடாதீர்கள். செலவு கவலை என்றால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள்.

#13 கணக்கன்

சமநிலைக்காக ஒன்று. குடும்பத்தினருக்கே பயிற்சி கொடுத்து வீட்டில் செய்யவைக்கும் திட்டத்தை இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் சோதித்தார்கள், 2017. ஆறாவது மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் இரண்டு பிரிவிலும் 47 சதவீதம். வித்தியாசம் இல்லை. வீட்டுப் பயிற்சியும் மந்திரம் அல்ல.

#14 இயன்முறை_செல்வி

அந்தச் சோதனையை நானும் அறிவேன். வீட்டில் எவ்வளவு நேரம் உண்மையில் நடந்தது என்பதுதான் அதில் என் சந்தேகம். அதனால்தான் வாரம் ஓரிரு முறையாவது பயிற்சி பெற்றவர் வந்து பார்த்துக் கடினத்தைக் கூட்ட வேண்டும் என்கிறேன். எளிதாகிவிட்ட ஒன்றையே நூறு முறை செய்வது பயிற்சி ஆகாது.

#15 தென்றல்_மதுரை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஸ்டெம் செல் போட்டால் வெண்பொருள் வளரும் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். அதற்கு அரசு அனுமதி இருக்கிறதாமே?

#16 அரசு_மருத்துவர்

பக்கவாதத்துக்கு இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) 2017 வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்கள் போன்றவற்றுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாடுகள் அனைத்தும் அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே நடக்க வேண்டும். ஆய்வில் சேர்ப்பவர் உங்களிடம் மருந்துக்குப் பணம் கேட்க மாட்டார். பணம் கேட்டால் அது ஆய்வு இல்லை. நோயாளியின் சொந்த மஜ்ஜையிலிருந்து செல்களை எடுத்து ரத்தத்தில் செலுத்தும் முறையை இந்தியாவிலேயே ஐந்து மையங்களில் 120 பேரிடம் ஒழுங்காகச் சோதித்தார்கள். முடிவு 2014-இல் வந்தது. ஆபத்து பெரிதாக இல்லை, பலனும் இல்லை.

#17 நரம்பிழை

ஆய்வகத்தில் வேறு வழியும் பார்க்கிறார்கள். முதிரவைக்க உந்துவதற்குப் பதில், முதிர்வதைத் தடுக்கும் பிரேக்கை எடுத்துவிடுவது. சிதைந்த மையலினே புது வளர்ச்சியைத் தடுக்கும் என்பது சூரிச்சில் மார்ட்டின் ஷ்வாபின் ஆய்வுகளிலிருந்தே தெரியும். நோகோ-ஏ என்ற புரதம் அதில் முக்கியமானது. அதன் ஏற்பியைத் தடுத்தபோது வயதான சுண்டெலிகளிலும் வெண்பொருள் பக்கவாதத்துக்குப் பிறகு முன்னோடிச் செல்கள் முதிர்ந்தன, நடை தேறியது என்று கார்மைக்கேல் குழு 2016-இல் காட்டியது. வயதான எலிகளில் என்பதால் எனக்கு அந்த ஆய்வு மீது மதிப்பு அதிகம். அதே தடுப்புக் குடும்பத்தைச் சேர்ந்த எம்.ஏ.ஜி புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி ஒன்றை, பக்கவாதம் வந்த 24 முதல் 72 மணி நேரத்துக்குள் மனிதர்களிடம் தொடங்கிச் சோதித்தார்கள். நடை வேகம்தான் அளவுகோல். இடைக்கால ஆய்விலேயே பலனுக்கு வாய்ப்பில்லை என்று நிறுத்தி, 2017-இல் வெளியிட்டார்கள்.

#18 வைகறை

எல்லோருக்கும் நன்றி. அரசு மருத்துவர் ஐயா சொன்ன மூன்று கேள்விகளையும் கேட்டேன். “போடாவிட்டால் ஒன்றும் கெடாது, போட்டால் மனத்திருப்தி” என்றார். அம்மாவே “அப்படியானால் வேண்டாம்” என்றுவிட்டார்.

தம்பி விடுவதாக இல்லை. இப்போது கிளெமாஸ்டின் என்ற மாத்திரை மையலினைத் திரும்பக் கொண்டுவரும், அலர்ஜி மாத்திரைதான், மலிவு என்கிறான். எம்.ஆர்.ஐ-இல் இழைகளை வண்ணத்தில் காட்டும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கவும் சொல்கிறான். இரண்டும் தேவையா?

#19 நரம்பிழை

கிளெமாஸ்டின் முன்னோடிச் செல்களை முதிரவைப்பது உண்மை. உடலின் எதிர்ப்புச் சக்தியே மையலினைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகள் 50 பேரிடம் சான் ஃபிரான்சிஸ்கோவில் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். கண்ணிலிருந்து மூளைக்குச் சமிக்ஞை போய்ச் சேரும் நேரம் மில்லிநொடிக் கணக்கில் குறைந்தது. அந்த நோயில் ஆக்சான் பெருமளவு உயிரோடு இருக்கும்போதே உறை போகிறது. உங்கள் அப்பாவுக்கு அடிவிழுந்த நடுப்பகுதியில் இழையே போய்விட்டது. சுற்ற இழை இல்லாத இடத்தில் உறை எதைச் சுற்றும்? ஓரப்பகுதியில் உறையிழந்து மிஞ்சிய இழைகளுக்கு மட்டும்தான் இந்த வாதம் பொருந்தும்.

வண்ண ஸ்கேன் ஆராய்ச்சிக்கு அருமையான கருவி. எங்கள் ஆய்வகத்தில் அது இல்லாமல் நாள் ஓடாது. ஆனால் படத்தில் தெரிவது நீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் நகர்கின்றன என்பதை வைத்துக் கணினி ஊகிக்கும் கோடுகள். அதைப் பார்த்து அப்பாவின் சிகிச்சையில் எதுவும் மாறப்போவதில்லை.

#20 அரசு_மருத்துவர்

கிளெமாஸ்டின் வேண்டவே வேண்டாம். 64 வயதில், பக்கவாதம் வந்த மூளைக்கு, தூக்கமும் குழப்பமும் உண்டாக்கும் பழைய அலர்ஜி மாத்திரை. புராஸ்டேட் வீக்கம் இருந்தால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். தூக்கக் கலக்கத்தில் சுவரைப் பிடித்து நடப்பவர் விழுந்தால் இடுப்பெலும்பு போகும். ஸ்கேன் பணத்துக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று வாங்கி, காலையும் மாலையும் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்த நோட்டு கையில் இருக்கட்டும்.

#21 வைகறை

சரி ஐயா. செல்வி அக்கா, ஒரு சந்தேகம். சாக்கட்டியால் கோடு போடுகிறார். ஆனால் கையைத் தூக்கும்போது தோள் வலிக்கிறது என்கிறார். வலியோடு செய்யலாமா?

#22 இயன்முறை_செல்வி

வலியோடு தூக்க வேண்டாம். படுக்கையிலிருந்து எழுப்பும்போது யாராவது அந்தக் கையைப் பிடித்து இழுக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும் கூடாது. முதுகுக்குப் பின்னால், தோள்பட்டை எலும்பை உள்ளங்கையால் தாங்கி எழுப்புங்கள். உட்காரும்போது முழங்கைக்கு அடியில் தலையணை. படுக்கும்போது வலது பக்கமாகப் படுத்தால் தோள் உடம்புக்கு அடியில் மாட்டாமல் முன்னே இழுத்து வைக்க வேண்டும். இரண்டு நாளில் குறையாவிட்டால் நேரில் காட்டுங்கள். சாக்கட்டி வேலையைத் தோள் உயராமல் மேசை மட்டத்திலேயே தொடரலாம்.